இருக்கையிலிருந்து அளந்து வாங்குங்கள்: கடல் கயாக்குக்கான தூண்டில் கோலும் ரீலும்

கரையில் நின்று தூண்டில் போடுபவரும் பெரிய படகின் தளத்தில் நிற்பவரும், மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் நாலு எட்டு நடந்து அதற்கு நேராகத் திரும்பிக்கொள்ள முடியும். துடுப்பாலோ மிதிவிசையாலோ செலுத்தும் ஒடுக்கமான சிறுபடகான கயாக்கில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கால்களை முன்னால் நீட்டி, நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அல்லது இரண்டு சாண் உயரத்தில் உட்கார்ந்தபடியே எறிவது, இழுப்பது, மீனைப் பக்கத்தில் கொண்டுவந்து எடுப்பது என்று எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அதே நேரத்தில் படகும் மீனின் இழுப்புக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்றபடி நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகையால், எந்த மீனுக்கு எந்தக் கோல் என்று வழக்கமாகத் தொடங்கும் விசாரணையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உட்கார்ந்திருக்கும் உடலுக்கும் நகரும் படகுக்கும் ஓயாமல் தெறிக்கும் உப்புநீருக்கும் எந்தக் கோலும் ரீலும் ஈடுகொடுக்கும் என்பதிலிருந்து தொடங்குவதே சரி என்று நான் கருதுகிறேன். மீனின் அளவு அதற்கு அடுத்த கேள்வி.

நீளத்தை முடிவு செய்வது படகின் முனை

கயாக்கில் மாட்டிய மீன் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நின்று போராடுவதில்லை. ஆழத்துக்குப் பாய்ந்து, படகின் அடியில் புகுந்து, மறுபக்கமாக வெளியேறப் பார்க்கும். அந்த நேரத்தில் கோலை முன்னால் நீட்டி, நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அணியம் எனும் முன்முனையைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கோல் குட்டையாக இருந்தால் நரம்பு படகின் அடிப்பாகத்தில் உராயும். அங்கே மிதிவிசைத் துடுப்போ மீன்காட்டும் கருவியின் உணரியோ பொருத்தப்பட்டிருந்தால் அதில் சிக்கி அறுந்துபோகும்.

இதை ஒரு சிறு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 12 அடிக் கயாக்கில், அதாவது ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமுள்ள படகில், உட்கார்ந்திருப்பவரின் மார்பிலிருந்து முன்முனை 2 மீட்டர் அல்லது அதற்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும். 7 அடிக் கோல் என்பது 213 செ.மீ.; அதில் ரீலுக்குப் பின்னால் இருக்கும் பிடி 35 முதல் 40 செ.மீ. வரை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 175 செ.மீ.யுடன், முன்னால் குனிந்து நீட்டிய கையின் 60 செ.மீ.யைச் சேர்த்தால் 235 செ.மீ. வரை எட்டும், கோல் சுமையில் வளைவதால் இழக்கும் நீளத்தைக் கழித்தாலும் முனையைத் தாண்டிவிடலாம். இதே கணக்கை ஐந்தரை அடி ஜிக்கிங் கோலுக்குப் போட்டால் 190 செ.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. ஜிக் எனும் கனமான போலி இரையைச் செங்குத்தாக இறக்கி ஆட்டுவதற்கென்று செய்யப்பட்ட அந்தக் குட்டைக் கோல்கள் பெரிய படகில் அருமையாக வேலை செய்யும். கயாக்கில், மீன் முனையைச் சுற்றும் ஒரு நொடியில் கையைக் கட்டிப்போட்டுவிடும்.

அப்படியானால் நீளமான கோலே நல்லது என்று 9 அடி, 10 அடிக்குப் போவது எதிர்ப்பக்கத் தவறு. நான் முதன்முதலில் கடலுக்குக் கொண்டுபோனது கரையில் பயன்படுத்திவந்த 9 அடிக் கோலைத்தான். மீன் மேலே வந்துவிட்டது. ஆனால் கோலின் நுனி ஒரு பக்கமும் என் கை மறுபக்கமுமாக, மீன் எப்போதும் கைக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது. நரம்பை நுனிவரை சுற்றிவிட்டாலும் கோலின் நீளத்துக்குச் சமமான தொலைவில் மீன் தொங்கும் என்பதால், கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்துச் சாய்த்து மீனை அருகில் இழுக்க நேரிடுகிறது. கோல் முறிவதும் உட்கார்ந்திருப்பவர் நிலைதடுமாறுவதும் அந்தச் சாய்விலேதான் நடக்கின்றன. ஆறரை அடி முதல் ஏழரை அடி வரை என்பதே பெரும்பாலான கயாக்குகளுக்குப் பொருந்தும் எல்லை. படகு 13 அடிக்கு மேல் நீண்டிருந்தால் ஏழரை அடிப் பக்கமாகவும், 10 அடிக்குள் இருந்தால் ஆறரை அடிப் பக்கமாகவும் சாயலாம்.

நீளத்தைவிடக் கவனிக்கப்படாத இன்னொன்று, ரீலுக்குப் பின்னால் இருக்கும் பிடியின் நீளம். உயிர்காப்பு அங்கியை அணிந்து உட்கார்ந்திருக்கும்போது, நீண்ட பிடி அங்கியின் பைகளிலும் வார்களிலும் இடித்துக்கொண்டே இருக்கும். கோலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும்போது மடியில் தட்டும். கரையிலிருந்து இரு கைகளாலும் வீசி எறிவதற்காக வடிவமைக்கப்பட்ட கோல்களில் இந்தப் பிடி 50 செ.மீ.க்கு மேலும் இருக்கும். கயாக்கில் அது முழங்கையைத் தாண்டிச் சற்றே நீண்டால் போதும். ஆனால் மிகவும் குறுகிய பிடி உள்ள கோல், படகில் பொருத்தப்பட்டிருக்கும் கோல் தாங்கியின் குழாயில் ஆழமாக இறங்காமல் ஆடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் செய்யக்கூடிய சோதனை எளிது. உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு தரையில் கால் நீட்டி உட்காருங்கள். உங்கள் படகில் இருக்கையிலிருந்து முன்முனை எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவில் ஒரு குறி வையுங்கள். கோலைக் கையில் எடுத்து, நுனி அந்தக் குறியைத் தாண்டி இடவலமாகச் சுற்றி வருகிறதா, பிடி எங்காவது மாட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு நண்பர் ஒருவரை நரம்பின் முனையைப் பிடித்துத் தரையோடு பக்கவாட்டில் இழுக்கச் சொல்லுங்கள். இடுப்பைத் திருப்பாமல் எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்பது உடனே தெரிந்துவிடும். கடையில் நின்றபடி கோலை ஆட்டிப் பார்ப்பதால் இவற்றில் ஒன்றுமே தெரியவராது.

கோலின் வலுவும் வளைவும்

கோலின் மீது அச்சிடப்பட்டிருக்கும் சொற்களில் இரண்டைக் குழப்பிக்கொள்வது வழக்கம். பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதையும், ஆக்‌ஷன் என்பது அந்த வளைவு கோலின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதையும் குறிக்கும். வேகமான ஆக்‌ஷன் உள்ள கோல் நுனிப் பகுதியில் மட்டும் வளையும். மிதமான ஆக்‌ஷன் உள்ளது நடுப்பகுதி வரை வில்லாக வளையும்.

கயாக்குக்கு நான் பரிந்துரைப்பது நடுத்தரப் பவரும், மிதத்துக்கும் வேகத்துக்கும் இடைப்பட்ட ஆக்‌ஷனும். பாரை, சீலா போன்ற மீன்கள் படகின் அருகில் வந்தபின் திடீரென்று கீழே பாயும்போது, நின்றிருப்பவர் முழங்காலையும் இடுப்பையும் வளைத்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வார். உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வளைவு இல்லை; அவருக்காகக் கோல்தான் வளைய வேண்டும். நுனியில் மட்டும் வளையும் விறைப்பான கோல் அந்தப் பாய்ச்சலை அப்படியே நரம்புக்கும் முள்ளுக்கும் கடத்திவிடுகிறது.

மூலப்பொருள் பற்றிய முடிவும் இதையொட்டியதே. கார்பன் இழைக் கோல் இலேசானது, மீன் தொடுவதை நுட்பமாகக் கைக்குச் சொல்வது. ஆனால் மீன் படகுக்கு நேர் கீழே இருக்கும்போது கோலைச் செங்குத்தாகத் தூக்கினால், வளைவு முழுவதும் மெல்லிய நுனிப் பகுதியில் குவிந்து, கார்பன் கோல் சட்டென்று முறிந்துவிடும். கயாக்கில் மீன் நேர் கீழே நிற்பது அன்றாட நிகழ்ச்சி. கோல் படகின் விளிம்பிலும் தாங்கியிலும் இடிபடுவதும் அப்படியே; அந்த இடியில் கண்ணுக்குத் தெரியாமல் விழும் கீறல் பல நாள் கழித்து முறிவாக வெளிப்படும். கண்ணாடி இழைக் கோல் கனமானது, மந்தமானது, எளிதில் முறியாதது. இரண்டையும் கலந்து செய்த கோல்கள் 1970களிலிருந்தே கிடைக்கின்றன. 1976-இல் வெளிவந்த ‘அக்லி ஸ்டிக்’ அந்த வகையில் பெயர்பெற்றது. முதல் கோல் வாங்குபவருக்குக் கலப்பு இழைக் கோலே போதும் என்பது என் கருத்து. நாள் முழுவதும் போலி இரையை வீசிக்கொண்டே இருப்பவர் மட்டும், கை அசதியைக் கருதி, கார்பனுக்குப் போகலாம். அவர் கோலை நீர்மட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் தூக்காத பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோலின் மீது நரம்பு நுழைந்து செல்லும் வளையங்களைப் பொறுத்தவரை, சட்டம் துருப்பிடிக்காத எஃகா டைட்டானியமா, உள்ளே பதித்த பீங்கான் வளையம் அசையாமல் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். பஞ்சு நுனியிட்ட குச்சி ஒன்றை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் இழை மாட்டும். பிடிக்குத் தக்கையைவிட ஈவா நுரை மேல்; ஈரக் கையில் வழுக்காது, தாங்கியில் உராய்ந்து பொரியாது. ஒரே துண்டான கோல் வளைவில் சீரானது என்றாலும், அலை உடையும் கரையிலிருந்து புறப்படுபவர் இரண்டு துண்டுக் கோலையே வாங்குவது நல்லது. படகின் உள்ளறைக்குள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அலையைக் கடந்துவிடலாம்.

எந்த வகை ரீல்

கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல், கோலுக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீல், அதே இடத்தில் உட்காரும் கனமான ஓவர்ஹெட் ரீல் என்று மூன்று வகைகள் கடலில் புழங்குகின்றன. கயாக்கில் முதல் ரீல் ஸ்பின்னிங்காக இருக்கட்டும். எதிர்க்காற்றில், உட்கார்ந்த நிலையில், இலேசான இரையை எறியும்போது பெய்ட்காஸ்டிங் ரீலின் ஸ்பூல் (நரம்பு சுற்றப்பட்டிருக்கும் பகுதி) நரம்பைவிட வேகமாகச் சுழன்று, கட்டவிழாத சிக்கலை உண்டாக்கும்; அந்தச் சிக்கலைப் பிரிக்க இரண்டு கைகளும் வேண்டும், அந்த நேரத்தில் துடுப்பைப் பிடிக்க ஆள் இருக்காது. நரம்பைப் பரப்பும் அதன் திருகுத்தண்டு வெளியே தெரியும்படி இருப்பதால் உப்பும் மணலும் எளிதில் சேர்ந்துவிடுகின்றன. ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியை இடமும் வலமும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

ஓவர்ஹெட் ரீல் இரண்டாவது கோலுக்குத் தகுதியானது. இரையை நீருக்கு நேரே இறக்குவதற்கும், துடுப்பு போட்டபடி போலி இரையைப் பின்னால் இழுத்துச் செல்வதற்கும் அது நல்ல கருவி. மீன் நரம்பை இழுக்கும்போது கடகடவென்று ஒலி எழுப்பும் அமைப்பு அதில் இருந்தால், கோல் முதுகுக்குப் பின்னால் தாங்கியில் இருந்தாலும் செய்தி காதுக்கு வந்துவிடும். ஸ்பின்னிங் வகையிலேயே, இரையை மீன் கவ்வி ஓடும்போது நரம்பை எளிதாக விட்டுக்கொடுத்து, கைப்பிடியைத் திருப்பியதும் முழு டிராக்குக்கு (மீன் இழுக்கும்போது நரம்பை எதிர்ப்போடு விடும் தடைக்கு) மாறும் பெய்ட்ரன்னர் வகை ரீல்களும் உண்டு. தாங்கியில் வைத்த கோலில் டிராக் இறுக்கமாக இருந்தால் பெரிய மீன் படகையே அலைக்குக் குறுக்காகத் திருப்பிவிடும் என்பதால், உயிர் இரை போடுபவர்களுக்கு இந்த வகை ஏற்றது.

அளவைக் குறிக்கும் 3000, 4000, 5000 என்ற எண்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 4000 இன்னொன்றின் 5000-க்குச் சமமாக இருக்கக்கூடும். எண்ணைவிட, எத்தனை மீட்டர் எந்தத் தடிமன் நரம்பு கொள்ளும், எடை எத்தனை கிராம் என்ற இரண்டையும் படியுங்கள். பொதுப் பயன்பாட்டுக்கு, 0.235 மி.மீ. தடிமனுள்ள பின்னல் நரம்பு 200 முதல் 250 மீட்டர் வரை கொள்ளும், 250 முதல் 400 கிராம் எடையுள்ள ரீல் போதுமானது. கரையில் இருப்பவருக்கு இன்னும் அதிக நரம்பு வேண்டும். கயாக்கில், மீன் ஓடினால் படகும் அதன் பின்னால் இழுபட்டுப் போவதால் நரம்பு தீர்ந்துபோவது குறைவு.

நீர் புகாத ரீல் என்றால் என்ன

படகில் வைத்த ரீல் மீது தெறிக்கும் நீரும் கயாக்கில் ரீல் சந்திக்கும் நீரும் ஒன்றல்ல. இங்கே ரீல் மடியில் கிடக்கும்போது அலை மேலே புரளும். துடுப்பிலிருந்து வழியும் நீர் நேராக அதன் மேல் சொட்டும். மீனை எடுக்கக் குனியும்போது அது முழுவதுமாகக் கடலில் முங்கி எழும். விளம்பரத்தில் இருக்கும் நீர்த்தடுப்பு எண்ணை இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஐபிஎக்ஸ் 5 என்பது 6.3 மி.மீ. துளையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் பாயும் நீரைத் தாங்கும் என்றும், ஐபிஎக்ஸ் 6 என்பது 12.5 மி.மீ. துளையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் பாயும் நீரைத் தாங்கும் என்றும் பொருள். இரண்டும் பாயும் நீருக்கான சோதனைகளே. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்கும் என்று சொல்வது ஐபிஎக்ஸ் 7. பென் நிறுவனத்தின் ஸ்பின்ஃபிஷர் 6 வரிசை ஐபிஎக்ஸ் 5 தரத்தையும், ஸ்லாமர் 4 வரிசை ஐபிஎக்ஸ் 6 தரத்தையும் கொண்டவை. டைவா தன் மேக்சீல்டு ரீல்களில் காந்தத்தால் நிறுத்திவைக்கப்பட்ட ஒருவகை எண்ணெயை நீர்த்தடுப்பு மூடியாகப் பயன்படுத்துகிறது. இவற்றில் எதை வாங்கினாலும் முங்கலுக்கு முழு உத்தரவாதம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஆனாலும், மூடி இல்லாத ரீலைவிட இவை பல பருவங்கள் கூடுதலாக உழைக்கும் என்பதால், கயாக்குக்கு வாங்கும்போது செலவிடும் பணத்தில் பெரும்பங்கு கோலைவிட ரீலுக்கே போகட்டும் என்பேன். சராசரிக் கோல் ஒன்றை வைத்துக் காலம் தள்ளலாம். கரையிலிருந்து நெடுந்தொலைவில் இறுகிப்போன ரீலை வைத்து ஒன்றும் செய்ய இயலாது.

மூடிகள் டிராக்கையும் உடலையும் காப்பதைப் போலவே நரம்பு உருளையையும் (சுற்றும்போது நரம்பு வளைந்து திரும்பும் சின்னச் சக்கரத்தையும்) காக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பின்னிங் ரீலில் முதலில் இறுகுவது பெரும்பாலும் அந்தச் சின்ன உருளையின் பேரிங்தான். அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் இருக்கும் ரீல்களில், உப்புநீர் இடையில் நின்றால் மின்வேதி அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். ஆகவே வாங்கியவுடன் திருகுகளின் புரிகளில் சிறிது கிரீஸ் தடவிக்கொள்வது நல்லது.

டிராக்

ரீலின் பெட்டியில் 12 கிலோ, 15 கிலோ என்று உச்ச டிராக் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். கயாக்கில் அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. மீன் அணியத்துக்கு நேராக இழுக்கும்போது படகு அதன் பின்னாலேயே போய், தானே ஒரு டிராக்காக வேலை செய்து, மீனைக் களைப்படையச் செய்யும். அதே மீன் பக்கவாட்டில் இழுத்தால், அந்த விசை படகைச் சாய்ப்பதில் செலவாகும். 75 முதல் 90 செ.மீ. அகலமுள்ள படகில் உட்கார்ந்து, 15 கிலோ பக்கவாட்டு இழுப்பை நிறுத்திப் பிடிக்க முயல்வது கவிழ்வதற்கான வழி. நங்கூரம் போட்டிருக்கும்போது படகு மீனோடு நகராது என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

கேட்க வேண்டிய கேள்வி, டிராக் எவ்வளவு மென்மையாகத் தொடங்குகிறது என்பதுதான். நரம்பை ரீலிலிருந்து கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு குதித்து விடுகிற டிராக்கை வாங்காதீர்கள். எண்ணெயிட்ட கம்பளி வட்டுகளைவிடக் கார்பன் இழை வட்டுகள் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும்.

அளவை அமைப்பதற்குப் பழைய விதியே போதும். நரம்பு, அதன் முனையில் முள்ளுக்கு முன்னால் கட்டும் தனித் துண்டான லீடர் இரண்டில் வலுக்குறைந்தது எதுவோ, அதன் அறுபடு வலுவில் 25 முதல் 30 விழுக்காடு வரை வைக்க வேண்டும். 9 கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டேகால் முதல் இரண்டே முக்கால் கிலோ வரை. இதை விரலால் ஊகிக்காமல், சுருள்வில் தராசு ஒன்றை நரம்பின் முனையில் மாட்டி அளந்துவிடுங்கள். கோல் வளைந்திருக்கும்போது வளையங்களில் உராய்வு கூடுவதால், நேராக இழுத்து அளந்ததைவிட உண்மையில் மீன் உணரும் விசை அதிகம். இன்னொன்றும் உண்டு, நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலின் ஆரம் குறைவதால் டிராக் தானாகவே ஏறுகிறது. முழு ஸ்பூலில் 25 மி.மீ. ஆரத்தில் 3 கிலோவாக இருந்த டிராக், ஆரம் 17 மி.மீ. ஆகும்போது 4.4 கிலோவாகிவிடும். நீண்ட ஓட்டத்தின் கடைசியில் நரம்பு அறுந்துபோவதற்கு இதுவே காரணமாக இருக்கும். மீன் தொலைவில் ஓடும்போது திருகை இறுக்குவதற்குப் பதிலாகச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

பல்சக்கர விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூலில் நரம்பு எத்தனை சுற்று ஏறுகிறது என்பது, பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலில் 6 விகிதம் ஒரு சுற்றுக்கு 94 செ.மீ. நரம்பைச் சுற்றும், 4.8 விகிதம் 75 செ.மீ. சுற்றும். மீன் படகை நோக்கி ஓடிவந்தால் நீங்கள் பின்னோக்கி நடந்து நரம்பை இறுக்க முடியாது என்பதால், 5.5 முதல் 6.2 வரையிலான இடைநிலை விகிதம் எனக்குப் பிடித்தது.

நரம்பு

மெல்லிய பின்னல் நரம்பு கயாக்குக்கு மிகவும் பொருத்தமானது. சிறிய ரீலில் நிறையக் கொள்ளும், நீரோட்டத்தில் குறைவாக இழுபடும். ஜப்பானிய அளவுமுறையில் பிஇ 1 என்பது 0.165 மி.மீ., பிஇ 1.5 என்பது 0.205 மி.மீ., பிஇ 2 என்பது 0.235 மி.மீ. தடிமன். ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் பின்னல் நரம்பு மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றிக்கொண்டு அதன் மேல் கட்ட வேண்டும்.

நரம்பின் வலுவைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, பாறையில் முள் மாட்டிக்கொண்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து உங்களால் அதை அறுக்க முடியுமா என்பது. நீரோட்டம் படகைத் தள்ள, 20 கிலோவுக்கு மேல் தாங்கும் பின்னல் நரம்பு பாறையைப் பிடித்துக்கொண்டிருக்க, இழுவிசை பக்கவாட்டில் ஏறிக்கொண்டே போகும். அதனால் லீடர் எப்போதும் முதன்மை நரம்பைவிட வலுக்குறைந்ததாக இருக்கட்டும். அறுந்தால் அங்கே அறுந்து, மீதி நரம்பு ரீலுக்குத் திரும்பும். ஒரு கையால் திறக்கக்கூடிய கத்தி அங்கியின் மார்பிலேயே இருக்க வேண்டும். லீடரின் நீளம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் போதும். அதற்கு மேல் போனால், மீனைக் கைக்குக் கொண்டுவரும்போது முடிச்சு நுனி வளையத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். சீலா, வஞ்சிரம் போன்ற கூர்ப்பல் மீன்கள் இருக்கும் இடத்தில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு இணைதான் வாங்க முடியும் என்பவருக்கு என் பதில் இது: ஏழு அடி நீளம், இரண்டு துண்டு, கலப்பு இழை, 10 முதல் 40 கிராம் வரை இரை எறியக்கூடிய நடுத்தரப் பவர் கோல், நல்ல மூடியுள்ள 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், பிஇ 1.5 அல்லது 2 பின்னல் நரம்பு; அதைவிடச் சற்று வலுக்குறைந்த ஃப்ளூரோகார்பன் லீடர். இரண்டாவதாக வாங்க முடிந்தால், ஆறரை அடியில் சற்று வலுவான கோலும் பெய்ட்ரன்னர் அல்லது ஓவர்ஹெட் ரீலும். மூன்றாவது கோல் கயாக்கில் பெரும்பாலும் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்குவதற்கே பயன்படும்.

கடலில் தொலைக்காமல் இருக்க

கோலும் ரீலும் சேர்ந்தால் மிதக்காது. துடுப்பு போடும்போதும் தாங்கியில் வைத்திருக்கும்போதும் சுருள் கயிறு ஒன்றால் கோலைப் படகோடு கட்டிவைக்க வேண்டும். உடலோடு ஒருபோதும் கட்டக் கூடாது. அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது கயிறு மட்டும் போதாது. நிமிர்ந்து நிற்கும் கோல்கள் படகு கவிழும்போது மணலில் குத்தி முறியும், தொங்கும் கயிறுகள் காலில் சுற்றும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கோல்களைப் பிரித்து உள்ளறையில் வைத்துவிட்டு, வெளியே போனபின் எடுத்துக்கொள்ளுங்கள். முட்களையும் அவிழ்த்து உள்ளே வையுங்கள்.

கரைக்கு வந்தபின், உப்பு காய்வதற்கு முன்பே ரீலைக் கழுவ வேண்டும். டிராக்கை இறுக்கிக்கொண்டு, பூவாளியிலிருந்து விழுவதுபோல் மெல்லிய நன்னீரை மேலே விடுங்கள்; அழுத்தமாகப் பாய்ச்சினால் நீர் உப்பையும் சேர்த்து உள்ளே தள்ளும். வாளி நீரில் ஊறவைப்பதும் கூடாது. துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் உலரவிட்டு, நரம்பு உருளைக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். காந்த எண்ணெய் மூடியுள்ள இடங்களில் மட்டும் வேறு எண்ணெய் விடக் கூடாது. அது அந்த மூடியைக் கெடுத்துவிடும். கோலின் ரீல் பிடிப்பிலும் வளையங்களின் அடியிலும் உப்பு தங்கும் என்பதால் ரீலைக் கழற்றிவிட்டே கோலைக் கழுவ வேண்டும். ரீல் முழுவதுமாகக் கடலில் முங்கியிருந்தால் அன்றிரவே ஸ்பூலைக் கழற்றி, டிராக் வட்டுகளை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். வட்டுகளுக்கு இடையில் நீர் இருந்தால், மறுநாள் கடலுக்கு அந்த ரீலை எடுத்துச் செல்லாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உடலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.